வழக்கு என்றால் எந்த வாசல்? மம்லூக் கால கெய்ரோவின் நீதியும் அலுவலகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மம்லூக் சுல்தான்கள் 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்டார்கள். தலைநகர் கெய்ரோ. இடைக்கால இஸ்லாமிய அரசுகளில் நீதி எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்சியைத்தான் முதலில் காட்ட வேண்டும். பத்திரங்களும், எழுத்தர்கள் எழுதி வைத்த கையேடுகளும், வரலாற்றாசிரியர்களின் குறிப்புகளும் இவ்வளவு மிஞ்சியிருக்கும் ஆட்சிகள் குறைவு.

எல்லா வழக்கையும் காஜிதான் (ஷரீஅத் நீதிபதிதான்) விசாரித்தாரா?

இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, வக்ஃபு என்ற அறக்கொடைச் சொத்து, கடன், விற்பனை, அனாதைகளின் சொத்து ஆகியவை காஜியின் மன்றத்துக்கு உரியவை. தராசு, கலப்படம், தெரு ஒழுங்கு போன்றவை முஹ்தசிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளரிடம் போகும். திருட்டு, அடிதடி, இரவுக்காவல் வாலி என்ற காவல் தலைவரின் பாடு. அதிகாரிகளே அநியாயம் செய்தால் சுல்தானின் மஸாலிம் அவை இருந்தது. படைவீரர்களின் தகராறுகளை ஹாஜிப் என்ற அவை அதிகாரி தீர்த்தார். எல்லைக்கோடுகள் தெளிவாக இல்லை, காலத்துக்குக் காலம் நகர்ந்தன. எந்த வாசலைத் தட்டினால் தனக்கு வேலை ஆகும் என்று அறிந்திருப்பதே வழக்காடுபவரின் பாதித் திறமை.

காஜியா, காதியா, காழியா?

மூன்றும் ஒரே அரபுச் சொல். அதன் நடு எழுத்து தமிழில் இல்லை என்பதால் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தமிழ்நாட்டில் காஜி, இலங்கையில் காதி. இங்கே காஜி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இன்று திருமணப் பதிவேட்டோடு வரும் காஜியாரை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அன்றைய கெய்ரோக் காஜியின் கையெழுத்தில் வீடுகளும் தோட்டங்களும் கைமாறின.

ஒரே ஊரில் நான்கு தலைமைக் காஜிகள் ஏன்?

1265 வரை கெய்ரோவில் ஒரே தலைமைக் காஜி. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர், ஷாஃபி மத்ஹபை (சட்டப் பள்ளியை) சேர்ந்த தாஜுத்தீன் இப்னு பின்த் அல்அஅஸ். பிற மத்ஹபுகளின்படி வழங்கப்படும் தீர்ப்புகள் தனக்குச் சரியாகப் படவில்லை என்றால் நிறைவேற்ற மாட்டார். வழக்குகள் தேங்கின. ஜமாலுத்தீன் ஐதுக்தி என்ற அமீர் (படைத்தலைவர்) சுல்தான் பைபர்ஸிடம் முறையிட, பைபர்ஸ் அந்த ஆண்டே ஷாஃபி, ஹனஃபி, மாலிகி, ஹன்பலி என்று மத்ஹபுக்கு ஒருவராக நான்கு தலைமைக் காஜிகளை அமர்த்தினார். மறு ஆண்டு டமாஸ்கஸிலும் அதே ஏற்பாடு வந்தது.

நால்வரும் சமம் என்பது பெயரளவில்தான். அனாதைகளின் சொத்து, வக்ஃபுகளின் மேற்பார்வை போன்ற கனமான பொறுப்புகள் ஷாஃபி காஜியிடமே தங்கின. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரே காஜி இருந்தால் அவர் சுல்தானுக்கு “முடியாது” என்று சொல்லிவிடலாம். நால்வர் இருந்தால் யாராவது ஒருவரிடம் வழி கிடைக்கும். பைபர்ஸ் சீர்திருத்தத்தை விரும்பினார் என்பதோடு இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வசதியான மத்ஹபைத் தேர்ந்தெடுத்துப் போக முடிந்ததா?

முடிந்தது, அன்றாடம் நடந்தது. தமிழ்நாட்டில் கடற்கரை ஊர்களில் ஷாஃபியும் உள்நாட்டு ராவுத்தர்களிடம் ஹனஃபியும் வழங்குவதால், மத்ஹபு வேறுபாடு என்றால் தொழுகையில் கை கட்டும் இடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சொத்து வழக்கில் அந்த வேறுபாடு பணமாக மாறும்.

பக்கத்து வீடு விலைக்கு வருகிறது, வெளியாள் வாங்குகிறார். அண்டை வீட்டுக்காரருக்கு அதை முந்தி வாங்கும் உரிமை உண்டு என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபியில் அந்த உரிமை கூட்டு உரிமையாளருக்கு மட்டும். கணவன் காணாமல் போய்விட்டால் மாலிகி காஜி நான்கு ஆண்டு காத்திருப்புக்கு வழி வைத்திருந்தார். ஹனஃபியில் அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்து தீரும் வரை அவள் மனைவிதான். வயதுவந்த பெண் வலீ (பொறுப்பாளர்) இல்லாமல் திருமண ஒப்பந்தம் செய்துகொள்ள ஹனஃபி இடம் தந்தது, மற்றவை தரவில்லை. பாழடைந்த வக்ஃபுச் சொத்தைக் கொடுத்து வேறு சொத்தை மாற்றிக்கொள்வதிலும் ஹனஃபி தளர்வானது, ஷாஃபி மிகக் கண்டிப்பானது. வக்ஃபு நிலத்தில் கண் வைத்த அமீர்கள் ஹனஃபி துணைக் காஜிகளைத் தேடிப் போனதன் காரணம் இதுதான்.

ஒரு காஜி முறையாகத் தீர்ப்பளித்துவிட்டால் மற்ற மூவரும் அதை ஏற்று உறுதிசெய்ய வேண்டும். ஆகவே முதலில் எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதே முக்கியம்.

ஒரு கடன் வழக்கு படிப்படியாக எப்படி நடக்கும்?

200 திர்ஹம் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காஜி அமரும் இடம் பெரும்பாலும் ஒரு மத்ரஸா. கெய்ரோவில் முக்கியமானது 1240-களில் கட்டி முடிந்த ஸாலிஹிய்யா. எதிராளியை மன்றத்தின் ஏவலர் அழைத்து வருவார். இருவரையும் காஜி சமமாக உட்கார வைக்க வேண்டும். ஒருவரிடம் முகம் மலர்ந்து பேசி மற்றவரிடம் கடுகடுத்தால் அதுவே குறை. கோபத்தோடும் பசியோடும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது காஜிக்கான ஒழுக்க நூல்கள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது.

கோரிக்கை திட்டவட்டமாக இருக்க வேண்டும்: எவ்வளவு, எந்த நாணயம், எப்போது திருப்ப வேண்டியது. “எனக்குப் பணம் தர வேண்டும்” என்று மட்டும் சொன்னால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். பிறகு எதிராளியிடம் கேட்பார். ஒப்புக்கொண்டால் முடிந்தது. மறுத்தால், நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுத்தவர் மேல். இரண்டு ஆண் சாட்சிகள், அல்லது ஓர் ஆணும் இரு பெண்களும். ஒரே சாட்சிதான் என்றால், ஹனஃபி தவிர்த்த மூன்று மத்ஹபுகளிலும் அந்தச் சாட்சியோடு தன் சத்தியத்தைச் சேர்த்துப் பணக் கோரிக்கையை நிறுவலாம். ஹனஃபி மன்றத்தில் அது செல்லாது.

சாட்சியே இல்லையா? எதிராளி சத்தியம் செய்துவிட்டால் தப்பிவிடுவார். சத்தியம் செய்ய மறுத்தால் ஹனஃபி காஜி உடனே வழக்குத் தொடுத்தவருக்குத் தீர்ப்பளிப்பார். ஷாஃபி காஜி சத்தியத்தை வழக்குத் தொடுத்தவர் பக்கம் திருப்பி, அவர் செய்தால்தான் தருவார்.

தீர்ப்பு வந்தபின் “கையில் காசில்லை” என்று கடனாளி சொன்னால் சிறை. வறுமை நிரூபணமானால் விடுதலை. வசதி வரும்வரை கடன் கொடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். வணிகர்களுக்கு எரிச்சலூட்டிய இடம் இது. கீழே ஹாஜிப் பற்றிய பதிலில் மறுபடியும் வரும்.

எழுதிய பத்திரம் இருந்தால் போதாதா?

போதாது. கோட்பாட்டின்படி தாள் சாட்சி சொல்லாது, மனிதர்தான் சொல்ல வேண்டும். பத்திரம் என்பது அதில் கையெழுத்திட்ட சாட்சிகளின் நினைவுக்கு உதவும் குறிப்பு. சாட்சிகள் இறந்துவிட்டால் பத்திரத்தின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் காஜியின் முன் நிறுத்தி, “என்னிடம் நிரூபணமானது” என்று பத்திரத்திலேயே எழுத வைத்துக்கொள்வார்கள். அதன் கீழ் காஜியின் அடையாள வாசகம் வரும். பெரிய சொத்து என்றால் மற்ற மத்ஹபுக் காஜிகளின் உறுதிச்சொல்லும் வரிசையாக ஏறும். சில வக்ஃபுப் பத்திரங்களில் மூல வாசகத்தைவிடச் சுற்றியுள்ள உறுதிக்குறிப்புகள்தான் கூட்டமாக நிற்கும்.

மோசடியைத் தடுக்கப் பத்திரத்தில் என்ன செய்தார்கள்?

பெயரோடு தந்தை பெயரும் பாட்டன் பெயரும் வரும். வீடு என்றால் நான்கு எல்லை, அதுவும் கிப்லா (தொழுகைக்கு முகம் திருப்பும்) திசையில் தொடங்கி. கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரத்தில், உடல்நலத்தோடும் தெளிந்த அறிவோடும் கட்டாயமின்றிச் சொன்னார் என்ற வாசகம் தவறாது. தொகையில்தான் அழகான தந்திரம்: “200 திர்ஹம், அதில் பாதி 100” என்று எழுதுவார்கள். ஓர் எண்ணைச் சுரண்டித் திருத்தினால் அடுத்தது காட்டிக்கொடுத்துவிடும். காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் தொகை எழுதுகிறோமே, அதே எச்சரிக்கை.

சாட்சிகள் தொழில்முறையாளர்களா?

ஆம். நேர்மையானவர் என்று காஜியால் ஏற்கப்பட்டவர்கள் மன்றங்களின் அருகே கடை போட்டு உட்கார்ந்து, கூலிக்குப் பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் இட்டார்கள். முறை முழுவதும் இவர்களின் நாணயத்தில் நின்றது. அதனால் அழுகத் தொடங்கியதும் இங்கேதான். வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 1384இல் மாலிகி தலைமைக் காஜியானபோது, விலைபோன சாட்சிகளையும் ஓட்டை கண்டுபிடித்துத் தரும் எழுத்தர்களையும் கண்டு தண்டிக்கத் தொடங்கினார். பகை வளர்ந்தது. ஓராண்டளவில் பதவி போனது. பிறகு மீண்டும் மீண்டும் அமர்த்தப்பட்டு, மொத்தம் ஆறு முறை அப்பதவியில் இருந்தார். 1406இல் இறந்தபோதும் அவர் காஜிதான். இந்தப் பதவிகள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஒருவர் இறந்தால் சொத்துக்கு என்ன ஆகும்?

ஜெருசலேமின் ஹரம் என்ற புனித வளாகத்தில் 1970-களின் நடுவில் சுமார் 900 ஆவணங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பங்கு சொத்துப் பட்டியல்கள். சில, ஆள் இறக்கும் முன்பே நோய்ப்படுக்கையில் எடுக்கப்பட்டவை. சாட்சிகள் வீட்டுக்கு வந்து உடைகள், பாய் தலையணை, பாத்திரங்கள், கையிருப்புக் காசு, வரவேண்டிய கடன் என்று வரிசையாக எழுதி, வாரிசுகள் யார் என்பதையும் பதிவார்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு? வாரிசில்லாச் சொத்தைக் கருவூலத்துக்கு எடுத்துக்கொள்ள என்றே ஓர் அலுவலகம் இருந்தது. வாரிசு ஊரில் இல்லை, பெயர் எழுதப்படவில்லை என்றால் அந்த அலுவலகம் முந்திக்கொள்ளும். தனியாக வந்து தங்கிய யாத்திரிகர்களுக்கும் விதவைகளுக்கும் இது உண்மையான அச்சம்.

மஸாலிம் அவை எப்படி இருந்தது?

மஸாலிம் என்றால் அநியாயங்கள். அதற்கான தனிக் கட்டடமான நீதி மண்டபத்தை 12ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் ஆட்சியாளர் நூருத்தீன் எழுப்பினார். 1260-களின் தொடக்கத்தில் பைபர்ஸ் கெய்ரோக் கோட்டையின் அடிவாரத்தில் ஒன்று கட்டினார். பின்னர் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது காலத்தில் அவை கோட்டைக்குள்ளேயே கூடியது. திங்களும் வியாழனும் அவை நாட்கள்.

சுல்தான் அன்று சிம்மாசனத்தில் ஏற மாட்டார். கால் தரையில் படும் தாழ்வான நாற்காலி. வலப்பக்கம் ஷாஃபி, ஹனஃபி, மாலிகி, ஹன்பலி என்ற வரிசையில் நான்கு காஜிகள், அடுத்து கருவூலத்தின் வழக்குரைப்பாளர், பிறகு முஹ்தசிப். இடப்பக்கம் அந்தரங்கச் செயலர். எதிரே படை அலுவலகத் தலைவரும் எழுத்தர்களும் அமர வட்டம் நிறையும்.

மனுவில் எழுதுபவர் தன் பெயருக்கு முன் “அடிமை” என்று போட்டு, “மண்ணை முத்தமிட்டுத் தெரிவிப்பதாவது” என்று தொடங்குவார். மனு வாசிக்கப்படும். ஷரீஅத் விஷயம் என்றால் சுல்தான் காஜிகளைக் கேட்பார், படை விஷயம் என்றால் படை அலுவலரை. ஆணையைச் செயலர் மனுவிலேயே குறிக்க, அதை வைத்து எழுத்தர்கள் முறையான ஆணையைத் தயாரிப்பார்கள். சினாயின் புனித கத்தரீனா மடாலயத்துத் துறவிகள் இப்படிப் பெற்ற ஆணைகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் அவற்றை இன்றும் பார்க்க முடிகிறது.

ஹாஜிப் எப்படி நீதிபதியானார்?

ஹாஜிப் முதலில் அவைக்கு ஆட்களை வரிசைப்படுத்தி அனுப்பும் அதிகாரி. பிறகு மம்லூக் வீரர்களின் தகராறுகளைத் தீர்ப்பவரானார். 1352இல் பாரசீக வணிகர்கள் சுல்தானிடம் வந்தார்கள். கெய்ரோ வியாபாரிகளுக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்தோம், அவர்கள் நொடித்துப்போனதாகச் சொல்லி ஹனஃபி காஜியின் சிறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கள் பணம் வரவில்லை என்பது முறையீடு. சுல்தான் அந்த வழக்கை ஹாஜிபிடம் ஒப்படைத்தார். அவர் கடனாளிகளை அடித்துப் பணத்தை வசூலித்தார். அதிலிருந்து கடன் வழக்குகளும் ஹாஜிப் வாசலுக்குப் போகத் தொடங்கின.

காஜிகளின் ஆதரவாளர்கள் இதை மங்கோலியச் சட்டத்தின் ஊடுருவல் என்று பழித்தார்கள். அது மிகை. கடன் கொடுத்தவருக்கு வேண்டியது வேகம், ஹாஜிபிடம் அது இருந்தது. சாட்சியின் தகுதியை ஆராய அவர் மெனக்கெடவில்லை என்பதே அந்த வேகத்தின் விலை.

முஹ்தசிபின் அன்றாட வேலை என்ன?

சந்தையில் சுற்றுவது. எல்லாருக்கும் கண்ணால் தெரியும் தவறுகள் மட்டுமே அவருக்குரியவை. ஒருவர் மறுக்க, சாட்சி கேட்டு ஆராய வேண்டிய நிலை வந்தால் அது காஜிக்குப் போக வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டிலேயே சட்ட அறிஞர் மாவர்தி கோடு கிழித்துவிட்டார். ஒப்புக்கொண்ட கடனை வசதியிருந்தும் இழுத்தடிப்பவரை முஹ்தசிப் நெருக்கலாம். கடனையே மறுப்பவரை அவர் தொட முடியாது.

முஹ்தசிப் கையேடுகளில் கடைத்தெரு வாசனை அடிக்கும். படிக்கற்கள் இரும்பாக இருக்க வேண்டும், சோதித்து முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். கல் கூடாது, உரசி உரசித் தேய்ந்து எடை குறையும். இரும்பு கிடைக்காவிட்டால் கல்லைத் தோலால் பொதிந்து முத்திரையிட வேண்டும். தராசுத் தட்டை அடிக்கடி துடைக்க வேண்டும், எண்ணெய்த் துளி உறைந்தால் அதுவும் எடைதான். பாலில் தண்ணீரா என்று பார்க்க ஒரு மயிரை அதில் முக்கி எடுப்பார்கள். பால் ஒட்டாமல் வந்தால் கலப்படம். மாட்டுத்தோலோ ஒட்டகத்தோலோ தைத்து உள்ளே பேரீச்சங்கொட்டை அடைத்த சாட்டையும், மணியும் நரிவாலும் தொங்கும் கம்பளித் தொப்பியும் அவர் மேடையில் தொங்கும். தொப்பி, மோசடிக்காரர் தலையில் வைத்து ஊர்வலம் விட. பார்த்த மாத்திரத்தில் பாதிப் பேர் திருந்திவிடுவார்கள் என்பது கையேட்டின் நம்பிக்கை.

வரலாற்றாசிரியர் மக்ரீஸி 1399இல் கெய்ரோவின் முஹ்தசிபாக இருந்தவர். விலைவாசி பற்றி அவர் எழுதியவற்றில் கோபம் தெறிப்பது வெறும் நூலறிவால் அல்ல.

திவான்களில் (அரசு அலுவலகங்களில்) எது முக்கியம்?

சம்பளமும் நிலமும் ஓடியது படை திவானில். படையினருக்குச் சம்பளத்துக்குப் பதில் ஊர்களின் வரிவருவாய் ஒதுக்கப்பட்டது, அதுதான் இக்தா. எகிப்தின் வருவாயை 24 பங்காகக் கணக்கிட்டார்கள். 1315இல் அந்நாஸிர் முஹம்மது நிலத்தை மறுபடி அளந்து, சுல்தானுக்கு 10 பங்கு, அமீர்களுக்கும் படையினருக்கும் 14 பங்கு என்று மாற்றினார். முன்பு சுல்தானின் பங்கு வெறும் 4.

ஓர் இக்தா கைக்கு வர மூன்று தாள்கள் நகர வேண்டும். படை திவான் சுருக்கக் குறிப்பு எழுதி சுல்தானின் ஒப்புதல் பெறும். அதை வைத்து அதே திவான் முரப்பஆ என்ற விவரத் தாளைத் தயாரித்து எழுத்து திவானுக்கு அனுப்பும். அங்கே மன்ஷூர் என்ற இறுதி ஆணை எழுதி, சுல்தானின் அடையாள வாசகம் பெற்று, வெளியேறும். ஓர் அலுவலகம் மட்டும் நினைத்தால் நிலம் தர முடியாது என்பதே ஏற்பாட்டின் நோக்கம். தாமதமும் அன்பளிப்பும் நுழைந்ததும் இந்த இடைவெளிகளில்தான்.

எழுத்து திவானின் தலைவர்தான் அந்தரங்கச் செயலர். அங்கே 1389இல் எழுத்தராகச் சேர்ந்த கல்கஷந்தி, எந்தப் பதவிக்கு எந்தப் பட்டங்கள், எந்த அளவுத் தாள், எந்த எழுத்துப் பாணி, வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனிதருக்குப் பெரிய தாள், அகன்ற இடைவெளி. சிறிய தாளில் கடிதம் வந்தால் படிக்கும் முன்பே மதிப்பு குறைந்துவிட்டது தெரிந்துவிடும்.

புதிய காஜி பொறுப்பேற்றதும் முதலில் என்ன செய்வார்?

முன்னவரிடமிருந்து பதிவேடுகளை வாங்குவார். அடுத்து சிறைக்கு ஆள் அனுப்பி, யார் யார் எதற்காக இருக்கிறார்கள் என்று பார்ப்பார். காரணம் தெரியாமல் கிடப்பவர்களுக்கு எதிராளி யாராவது இருந்தால் வரும்படி ஊரில் அறிவிக்கச் செய்வார். பிறகு அனாதைகளின் காப்பாளர்கள், வக்ஃபு நிர்வாகிகளின் கணக்கு. சிறையில் இருப்பவர் முதலில், சொத்து பிறகு என்ற இந்த வரிசை சட்ட நூல்களிலேயே உள்ளது.

மேல்முறையீடு உண்டா?

படிநிலையாக இல்லை. ஒரு காஜியின் முடிவை இன்னொருவர் தன் கருத்து வேறு என்பதற்காக மாற்ற முடியாது. தெளிவான சட்டப்பிழை இருந்தால் மட்டுமே உடைக்கலாம். நடைமுறையில் மனுவோடு சுல்தானிடம் போவதே மேல்முறையீடு.

பெண்களும் முஸ்லிம் அல்லாதவர்களும் வழக்காடினார்களா?

பெண்கள் நேரிலோ முகவர் வழியாகவோ வந்து மஹர், ஜீவனாம்சம், சொத்து கேட்டார்கள். யூத, கிறிஸ்தவச் சமூகங்களுக்குத் தங்கள் தலைவர்களின் மன்றம் இருந்தும், சொத்துப் பத்திரம் உறுதியாக வேண்டும் என்றால் காஜியிடமே வந்தார்கள். முஸ்லிமுக்கு எதிராக அவர்கள் சாட்சி பொதுவாக ஏற்கப்படாது. அவர்களுக்குள் என்றால் ஹனஃபி காஜி ஏற்பார்.

சுல்தான் காஜிகளை மீறினாரா?

1513இல் நடந்ததைப் பாருங்கள். துணைக் காஜி ஒருவர், இன்னொரு துணைக் காஜியின் மனைவியோடு பிடிபட்டார். ஒப்புக்கொண்டார்கள், கல்லெறி தண்டனை என்றானது. பிறகு ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள். விபசார வழக்கில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் அந்தத் தண்டனை விழுந்துவிடும், அது நிலைபெற்ற சட்டம். அறிஞர்கள் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். சுல்தான் கான்ஸூ அல்கவ்ரி கொதித்தார். நான்கு தலைமைக் காஜிகளையும் ஒரே அடியாக நீக்கினார். அந்த இருவரையும், ஃபத்வா கொடுத்த முதன்மை அறிஞரின் வாசலிலேயே தூக்கிலிட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் காஜிகள் சரி. ஆனால் அவர்களை அமர்த்தியதும் நீக்கியதும் சுல்தானின் கை.

டெல்லியிலும் இதே முறையா?

அங்கே ஹனஃபி மட்டுமே ஓங்கியிருந்தது, நால்வர் ஏற்பாடு இல்லை. முஹம்மது பின் துக்ளக் டெல்லியில் காஜியாக அமர்த்திய பயணி இப்னு பதூதா மாலிகி, உள்ளூர் மொழியும் அறியாதவர். வேலையைத் துணையாளர்கள் பார்த்தார்கள். மதுரையில் தனி சுல்தானாட்சியை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை அவர் டெல்லியில் மணந்திருந்தார். மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு மதுரைக்கு வந்தபோது அந்த உறவு கைகொடுத்தது.

1517க்குப் பிறகு?

உஸ்மானியர்கள் (ஒட்டோமான் துருக்கியர்) எகிப்தைப் பிடித்தபின், சில ஆண்டுகளில் நான்கு தலைமைக் காஜிகளின் இடத்தில் இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஒரே ஹனஃபி தலைமைக் காஜி அமர்ந்தார். மற்ற மத்ஹபுக்காரர்கள் அவருக்குக் கீழ் துணைக் காஜிகளாகத் தொடர்ந்தார்கள். மன்றப் பதிவேடுகள் தொடர்ச்சியாகக் கிடைப்பது அதன் பிறகுதான். புதிதாக வந்த திருமணப் பதிவுக் கட்டணம் கெய்ரோ மக்களை முணுமுணுக்க வைத்தது.